வஸ்தோக்கில் இன்று எத்தனை டிகிரி? வீட்டிலிருந்தே துருவங்களைக் கவனிக்கும் முறை

முப்பத்தொரு வருஷம், காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும், வெள்ளைப் பெட்டியின் கதவைத் திறந்து தெர்மாமீட்டர் பார்த்தவள் நான். வானிலை நிலையத்தில் அப்சர்வர் வேலை. ஓய்வு பெற்ற முதல் வாரமே எட்டரை மணியானால் கை பரபரத்தது. நம் ஊர் வெயிலைப் பார்க்கத்தான் ஊர்ப்பட்ட பேர் இருக்கிறார்களே, யாரும் எட்டிப் பார்க்காத இடமாகப் பார்ப்போம் என்று துருவங்களைப் பிடித்துக்கொண்டேன்.

2020 பிப்ரவரியில் அண்ணன் மகன் போன் செய்தான். "அத்தை, அண்டார்டிகாவுல இருபது டிகிரியாம். ஊட்டி மாதிரி ஆயிடுச்சாம்." நான் கேட்ட முதல் கேள்வி, "தெர்மாமீட்டரை எந்தப் பெட்டியில வெச்சிருந்தாங்களாம்?" அவன் சிரித்துவிட்டு போனை வைத்துவிட்டான். அந்தக் கேள்விக்கு ஒன்றரை வருஷம் கழித்துப் பதில் வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலைக்கு ஒரு கைபேசி, ஒரு கோடு போட்ட நோட்டு, நாளுக்குப் பதினைந்து நிமிடம் போதும். பட்டமெல்லாம் வேண்டாம்.

ஐந்து ஊர் போதும்

எடுத்தவுடன் உலக வரைபடத்தைத் திறந்து உட்காராதீர்கள். சிவப்பும் நீலமுமாகக் கண்ணைப் பறிக்கும், ஒன்றும் மனதில் நிற்காது. ஐந்து நிலையங்களைத் தேர்ந்தெடுத்து அவற்றின் எண்ணை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். உலகத்துக்குச் செய்தி அனுப்பும் பெரும்பாலான வானிலை நிலையங்களுக்கு ஐந்திலக்க எண் உண்டு. மீனம்பாக்கம் 43279, நாகப்பட்டினம் 43347. அதுபோலத்தான் அங்கேயும். என் பட்டியல் இது.

வெர்கோயான்ஸ்க், 24266. சைபீரியாவில், ஆர்க்டிக் வட்டத்துக்கு 115 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சின்ன ஊர். 1885இலிருந்து பதிவு இருக்கிறது. 1892இல் அங்கே பூஜ்யத்துக்குக் கீழ் 67.8 டிகிரி. 2020 ஜூன் 20 அன்று பூஜ்யத்துக்கு மேல் 38. ஒரே ஊரில் நூற்றைந்து டிகிரிக்கு மேல் வித்தியாசம்!

அடுத்து லாங்இயர்பியன் விமான நிலையம், 01008. நார்வேக்குச் சொந்தமான ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் இருக்கிறது. முன்னால் இருக்கும் பூஜ்யத்தை விட்டுவிட்டுத் தேடினால் கிடைக்காது, நான் அதில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தேன்.

வஸ்தோக், 89606. கிழக்கு அண்டார்டிகாவின் நடுவில், 3,488 மீட்டர் உயரத்தில் ரஷ்யர்கள் நடத்தும் நிலையம். 1983 ஜூலை 21இல் மைனஸ் 89.2 பதிவானது இங்கேதான்.

எஸ்பெரான்சா, 88963. அண்டார்டிகத் தீபகற்பத்தின் வட நுனியில் அர்ஜென்டினா வைத்திருப்பது.

மைத்ரி, 89514. இது நம்முடையது, 1989இலிருந்து அண்டார்டிகாவின் ஷிர்மாக்கர் பாறை வெளியில் இருக்கிறது. என்னோடு டியூட்டி பார்த்த ஒருவர் ஒரு குளிர்காலம் முழுக்க அங்கே இருந்துவிட்டு வந்தார். அவர் சொன்ன ஒரு விஷயம் இன்னும் மறக்கவில்லை. பனிப்புயல் அடித்து ஓய்ந்தால் பெட்டியின் சட்டங்களுக்கு நடுவே மாவு மாதிரி பனி அடைத்துக்கொண்டிருக்குமாம். பிரஷ்ஷால் தட்டி எடுத்து, சற்று நேரம் காத்திருந்து, மூச்சு தெர்மாமீட்டர்மேல் படாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு படிக்க வேண்டுமாம். நாங்கள் வியர்வை சொட்டாமல் படித்தோம், அவர் மூச்சு விடாமல் படித்தார்.

குறியீட்டைப் படிப்பது

இந்த நிலையங்கள் மூன்று அல்லது ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை ஐந்தைந்து இலக்கமாக ஒரு செய்தி அனுப்பும். சினாப் என்போம். ஓஜிமெட் என்ற தளத்தில் நிலைய எண்ணைக் கொடுத்தால் பச்சையாக அந்தச் செய்தியே கிடைக்கும். பிரித்துப் படித்த வடிவத்திலும் கிடைக்கும். இருந்தாலும் நீங்களே பிரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், பத்து நிமிட வேலை.

வஸ்தோக் செய்தியில் 11177 என்று ஒரு தொகுதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முதல் 1, இது வெப்பநிலை என்கிறது. இரண்டாவது 1, பூஜ்யத்துக்குக் கீழே என்கிறது. மீதி 177, பத்தில் ஒரு பங்காக, 17.7. ஆக மைனஸ் 17.7. அதுவே 10177 என்றிருந்தால் பிளஸ் 17.7, இரண்டாம் இலக்கம் 0 என்றால் பூஜ்யமும் அதற்கு மேலும். துருவத்தைப் பார்க்கிறவருக்கு இந்த ஒற்றை இலக்கம்தான் உயிர். நம் ஊரில் முப்பது வருஷம் வேலை பார்த்தும் நான் அந்த இடத்தில் 1 போட்டதே கிடையாது.

அதற்கு அடுத்து 2இல் தொடங்கும் தொகுதி டியூ பாயிண்ட், அதாவது காற்றிலுள்ள ஈரம் நீராகத் திரள எந்த அளவுக்குக் குளிர வேண்டும் என்ற கணக்கு. இதையும் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பெரிய உபயோகம் இருக்கிறது. செய்தியின் நடுவில் 333 என்று ஒரு தடுப்பு வரும். அதைத் தாண்டிய பிறகு 1இல் தொடங்கினால் அதிகபட்சம், 2இல் தொடங்கினால் குறைந்தபட்சம். தடுப்புக்கு முன்னால் ஒரு அர்த்தம், பின்னால் வேறு அர்த்தம். புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் இடறுகிற படி இது.

நேரம் எல்லாம் கிரீன்விச் நேரம். ஐந்தரை மணி கூட்டினால் நம் நேரம். வெர்கோயான்ஸ்க் கிரீன்விச்சுக்குப் பத்து மணி நேரம் முன்னால் இருக்கிறது. அதனால் அங்கே மாலை நான்கு மணிக்கு எடுத்த அளவு, நமக்குக் காலை பதினொன்றரைக் கணக்கில் வரும். சாம்பார் கொதிக்கும்போது பார்த்துவிடலாம்.

பெட்டி

இனி அண்ணன் மகனிடம் கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

வெயிலில் நின்றால் நாம் சூடாவது மாதிரி தெர்மாமீட்டரும் சூடாகும். நமக்கு வேண்டியது காற்றின் சூடு. அதனால்தான் ஸ்டீவன்சன் பெட்டி: வெள்ளைப் பெயின்ட், நான்கு பக்கமும் சாய்ந்த மரச்சட்டங்கள், இரட்டைக் கூரை, தரையிலிருந்து ஆள் மார்பளவு உயரம். கதவு வடக்குப் பார்த்து இருக்கும், திறக்கும்போது வெயில் உள்ளே விழாமல் இருக்க.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு கடற்கரை ஊரில், மே மாதக் கடைசி. மாலை ஐந்தரைக்குக் கதவைத் திறந்தேன். பக்கத்தில் ஆள் வந்து ஏதோ கேட்க, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் பேசினேன். அந்த மாதத்தில் சூரியன் மேற்கிலிருந்து நன்றாக வடக்கே ஒதுங்கித்தான் இறங்கும். சாய்வெயில் ஓரமாக உள்ளே விழுந்தது எனக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்த்து எழுதிய எண் ஒன்றரை டிகிரி கூட. மறுநாள் பெரியவர் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, முந்தைய மூன்று மணி நேரத்து எண்களின் பக்கத்தில் விரலை வைத்து, "கடல்காத்து வந்தப்பறம் சூடு எப்படிம்மா ஏறும்?" என்று மட்டும் கேட்டார். சிவப்பு மையில் ஒரு கோடு. இன்றைக்கும் ஒரு சாதனை எண்ணைப் பார்த்தால் எனக்கு அந்தக் கோடுதான் நினைவுக்கு வரும்.

துருவத்தில் இந்தச் சிக்கல் பல மடங்கு. கோடையில் சூரியன் மறைவதே இல்லை, தலைக்கு மேலே ஏறுவதும் இல்லை. இடுப்பு உயரத்தில் பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது. கதவை எந்தத் திசையில் வைப்பீர்கள்? கீழே வெள்ளைப் பனி, வெயிலில் பெரும்பகுதியைக் கண்ணாடி மாதிரி மேலே திருப்பி அனுப்புகிறது. நம் பெட்டி மேலிருந்து வரும் வெயிலுக்காகக் கூரை போட்டது, அங்கே வெயில் தரையிலிருந்தும் வருகிறது. காற்றும் ஓய்ந்துவிட்டால் உள்ளே இருக்கும் சூடு வெளியேறாது. கருவியை வெயிலிலிருந்து மறைக்க மாட்டும் உறைகளில், மின்விசிறி வைத்துக் காற்றை இழுக்காதவற்றில், அண்டார்டிகப் பீடபூமியில் கோடை நாளில் பிழை 10 டிகிரி வரைகூடப் போகும் என்று ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். இது போதாதென்று பனி ஆண்டுக்காண்டு சேரச் சேர, தரையிலிருந்து இரண்டு மீட்டரில் நட்ட கருவி ஒரு மீட்டரில் இருக்கும், அப்புறம் முழங்கால் உயரத்தில் இருக்கும். யாராவது போய்த் தூக்கி நட வேண்டும்.

2020 பிப்ரவரி 9 அன்று அண்டார்டிகத் தீபகற்பத்தை ஒட்டிய சீமோர் தீவில் 20.75 டிகிரி என்று செய்தி வந்ததே, அதை உலக வானிலை அமைப்பு ஆராய்ந்தது. அது நிரந்தர உறைமண்ணைக் கவனிக்க வைத்திருந்த தானியங்கிக் கருவி. வெயில் உறையை அங்கேயே இருப்பதைக் கொண்டு செய்து மாட்டியிருந்தார்கள், அதனால் சூடு கூடுதலாகக் காட்டியிருக்கிறது என்று 2021 ஜூலையில் அந்த எண்ணை நிராகரித்தார்கள். அதே வாரம், பிப்ரவரி 6 அன்று, எஸ்பெரான்சாவில் பதிவான 18.3 டிகிரியை ஏற்றுக்கொண்டார்கள். 2015 மார்ச்சில் அதே நிலையத்தில் பதிவான 17.5தான் அண்டார்டிகக் கண்டத்தின் முந்தைய உச்சம். ஆக, சூடு உண்மை, இருபது மட்டும் பொய். அண்ணன் மகனுக்கு அந்தச் செய்தியை அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டும் படம் ஒன்று வந்தது.

அதனால் சாதனை என்று யாராவது சொன்னால் மூன்றைப் பாருங்கள். அது ஆள் இருக்கும் நிலையமா, தானியங்கியா. அந்த நேரத்தில் காற்று வீசியதா. முன்னும் பின்னும் உள்ள அளவுகள் ஏறுமுகமாக, இறங்குமுகமாக ஒழுங்காக இருக்கின்றனவா, இல்லை ஒற்றை எண் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கிறதா. இந்த மூன்றும் சினாப் செய்தியிலும் நிலையக் குறிப்பிலும் கிடைத்துவிடும். இறுதித் தீர்ப்புக்கு அவசரப்பட வேண்டாம். வெர்கோயான்ஸ்கின் 38ஐ ஏற்க உலக வானிலை அமைப்புக்கு 2021 டிசம்பர் வரை ஆனது.

இன்னொரு குழி. 2021 ஜூனில் சைபீரியாவில் 48 டிகிரி என்று ஒரு படம் எல்லார் கைபேசியிலும் சுற்றியது. அது செயற்கைக்கோள் அளந்த தரையின் சூடு. மொட்டை மாடித் தளத்தில் செருப்பில்லாமல் நின்றால் சுடுமே, அந்தச் சூடு. காற்று அன்று முப்பதை ஒட்டித்தான் இருந்தது. ஆர்க்டிக்குக்கு அதுவே அதிகம், ஆனால் இரண்டையும் ஒரே பத்தியில் எழுதக் கூடாது. நோட்டில் தரைக்கு ஒரு பத்தி, காற்றுக்கு ஒரு பத்தி என்று பிரித்துப் போடுங்கள்.

சூடு எந்த வழியாக வந்தது

எண் சரி என்று ஆனபின், அடுத்த கேள்வி இது. இங்கேதான் அந்த டியூ பாயிண்ட் வேலைக்கு வரும்.

எஸ்பெரான்சாவில் சூடு ஏறும் நாளில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். வெப்பநிலை ஏற, டியூ பாயிண்ட் ஏறாமலோ இறங்கியோ இருந்தால், மலையைத் தாண்டி இறங்கிய வறண்ட காற்று வந்திருக்கிறது. இறங்கும் காற்று ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் கிட்டத்தட்ட 10 டிகிரி சூடாகும். இதற்கு ஃபோன் காற்று என்று பெயர், கையில் இருக்கும் போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு ஜூன் மாதத்தில் நம் பக்கம் வறண்டு வருமே மேல்காற்று, அதற்கு உறவுக்காரன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டும் சேர்ந்து ஏறினால் கதை வேறு. 2022 மார்ச் 18ஐ ஒட்டிய நாட்களில் வஸ்தோக்கில் நடந்தது அதுதான். அந்த மாதத்தில் அங்கே மைனஸ் ஐம்பதுகளில் இருக்க வேண்டும். மைனஸ் 17.7 வந்தது. மார்ச் மாதத்துக்கு அதுவரை இருந்த உச்சத்தைவிடச் சுமார் 15 டிகிரி அதிகம். பக்கத்தில், பக்கம் என்றால் ஐந்நூறு கிலோமீட்டர் தாண்டி, கான்கார்டியா நிலையத்தில் இயல்பைவிட நாற்பது டிகிரியை நெருங்கிய உயர்வு. கடலிலிருந்து கிளம்பிய ஈரக்காற்று ஆறு மாதிரி குறுகலாக ஓடி, கண்டத்தின் நடுப்பகுதி வரை ஏறிவிட்டது. ஈரம் மேகமாகி மூடிக்கொண்டது. மார்கழியில் வானம் தெளிவாக இருந்தால் விடியற்காலை நடுங்கும், மேகம் போட்டால் அவ்வளவு குளிராது இல்லையா? அதே போர்வைதான், அங்கே போர்வையே பார்த்திராத இடத்தில் போர்த்தியது. அதே மார்ச்சில் கிழக்கு அண்டார்டிகக் கரையில், கடலில் மிதந்த கான்கர் பனித்தட்டு உடைந்து சிதறியது.

மைனஸ் 17 என்றால் வெப்ப அலையா என்று கேட்பார்கள். நானும் முதலில் அப்படித்தான் யோசித்தேன். சென்னையில் ஒரு மே மாதப் பிற்பகல் இயல்பைவிட நாற்பது டிகிரி கூடினால் என்ன ஆகும் என்று கூட்டிப் பார்த்தேன். எண்பதுக்குப் பக்கம் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.

வரைபடமும் இயல்பும்

ஒரு நாள் எண் வானிலை. முப்பது வருஷத்துச் சராசரியோடு வைத்துப் பார்த்தால்தான் காலநிலைப் பேச்சு. இப்போது வழக்கத்தில் இருக்கும் சராசரி 1991 முதல் 2020 வரை. எல்லாரும் அதையே எடுப்பதில்லை. ஐரோப்பாவின் கோப்பர்நிகஸ் காலநிலைச் சேவை இந்தக் காலத்தை எடுக்கிறது, நாசாவின் வழக்கமான வரைபடம் 1951 முதல் 1980 வரை எடுக்கிறது. பழைய காலத்தோடு ஒப்பிட்டால் உயர்வு பெரிதாகத் தெரியும், இரண்டும் பொய் இல்லை. வரைபடத்தின் அடியில் பொடி எழுத்தில் அந்தக் காலம் இருக்கும், நோட்டில் எண்ணோடு சேர்த்து அதையும் எழுதுங்கள்.

மெய்ன் பல்கலைக்கழகத்தின் க்ளைமேட் ரீஅனலைசர் தளத்தில் தினசரி விலகல் வரைபடம், அதாவது இயல்பைவிட எவ்வளவு கூட, எவ்வளவு குறைவு என்று காட்டும் படம், பார்க்கலாம். அதில் துருவத்தை மேலிருந்து பார்க்கும் வட்டமான படத்தைத் தேர்ந்தெடுங்கள். சதுர உலகப் படத்தில் துருவம் இட்லி மாவை இழுத்துத் தோசையாக்கினது மாதிரி அகன்றிருக்கும், கொஞ்சம் சிவப்பே பெரிய சிவப்பாகத் தெரியும். அந்த வண்ணங்கள் நிலைய அளவுகளையும் செயற்கைக்கோள் அளவுகளையும் கணினி மாதிரியில் போட்டு நிரப்பியவை என்பதும் நினைவிருக்கட்டும். நிலையமே இல்லாத பனிவெளியிலும் வண்ணம் இருக்கும். அதனால்தான் ஐந்து ஊர் வேண்டும் என்றேன். வரைபடம் வஸ்தோக்கின்மேல் காட்டுவதும், வஸ்தோக் அனுப்பியதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம்.

வடதுருவத்தில் எதிர்பார்க்காத ஒன்று நடக்கும். டென்மார்க் வானிலை நிறுவனம் 80 டிகிரி அட்சரேகைக்கு வடக்கே உள்ள சராசரி வெப்பத்தை 1958இலிருந்து வரைந்து வைத்திருக்கிறது. கோடைப் பகுதியைப் பார்த்தால் வருஷா வருஷம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்று, பூஜ்யத்துக்குச் சற்று மேலே, படுத்துக் கிடக்கும். "எங்கே சூடு ஏறியிருக்கு?" என்று இதைக் காட்டியே வாதாடுகிறவர்கள் உண்டு. ஜூஸ் டம்ளரில் ஐஸ்கட்டி இருக்கும்வரை ஜூஸ் சூடாகாது. வரும் வெப்பமெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகும். கடல்பனி மிதக்கும்வரை அந்தக் காற்றுக்கும் அதே கதிதான். அக்டோபரிலிருந்து மார்ச் வரை உள்ள கோடுகளைப் பாருங்கள், அங்கே தெரியும் வித்தியாசம். 1979க்குப் பிறகு ஆர்க்டிக் உலகச் சராசரியைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு வேகத்தில் சூடாகியிருக்கிறது என்று 2022இல் வந்த ஃபின்லாந்து ஆய்வு சொல்கிறது.

கடல்பனிப் பரப்புக்கு அமெரிக்காவின் தேசியப் பனித் தரவு மையம். கடலைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, ஒரு சதுரத்தில் 15 சதவீதத்துக்கு மேல் பனி இருந்தால் முழுச் சதுரத்தையும் பனி என்று எண்ணிக்கொள்வார்கள், அது தெரிந்தால் எண்கள் குழப்பாது. ஆர்க்டிக்குக்கு செப்டம்பர் குறைந்தபட்சத்தையும் அண்டார்டிகாவுக்கு பிப்ரவரி குறைந்தபட்சத்தையும் வருஷத்துக்கு ஒருமுறை எழுதினால் போதும். ஒப்பிட இரண்டு எண்கள்: 2012 செப்டம்பரில் ஆர்க்டிக்கில் சுமார் 34 லட்சம் சதுர கிலோமீட்டர், 2023 பிப்ரவரியில் அண்டார்டிகாவில் சுமார் 18 லட்சம்.

கிரீன்லாந்துக்கு நான் எண்ணே எழுதுவதில்லை, மழை பெய்ததா என்று மட்டும் பார்ப்பேன். 2021 ஆகஸ்ட் 14 அன்று பனிவிரிப்பின் உச்சியில், 3,200 மீட்டருக்கு மேலே, சில மணி நேரம் மழை பெய்தது. அங்கே மழைமானியே கிடையாது, வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்ததில்லை. எங்கள் நிலையத்தில் பீப்பாய் மாதிரி இரண்டு மழைமானி சும்மா நின்றுகொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

காலி இடம்

கடைசியாக ஒரு வேலை விதி. சில நாள் நிலையம் பேசாது. புயலில் ஆன்டெனா போயிருக்கும், மின்சாரம் போயிருக்கும், அங்கே இருப்பவருக்குக் காய்ச்சலாகக்கூட இருக்கலாம். அந்தக் கட்டத்தில் நேற்றைய எண்ணையோ, இரண்டு நாளின் சராசரியையோ, வரைபடத்து வண்ணத்தைப் பார்த்து ஊகித்ததையோ எழுதாதீர்கள். ஒரு சின்னக் கோடு போட்டு விட்டுவிடுங்கள். தாமதமாக வரும் செய்திகள் உண்டு. மறுநாள் போய்த் தேடி, கிடைத்தால் பென்சிலில் எழுதி, பக்கத்தில் எழுதிய தேதியைப் போடுங்கள். என் நோட்டில் வஸ்தோக் பத்தியில் கோடுகள்தான் அதிகம். அவற்றில் பாதிக்கு மேல் இன்னும் கோடாகவே இருக்கின்றன.